உயர்நுட்பப் போட்டி நீச்சலுடைகள்

உயர்நுட்பப் போட்டி நீச்சலுடை என்பது நீரின் இழுவையைக் குறைத்து, நீந்துபவரின் விரைவைக் கூட்டும் நோக்கத்துடன் வடிவமைக்கப்படும் உடை ஆகும். உடலை இறுக்கிப் பிடித்தல், வழவழப்பான மேற்பரப்பு, நீரை உறிஞ்சாமை ஆகியவை இதன் பொதுவான இயல்புகள். 2008, 2009 ஆகிய இரண்டு ஆண்டுகளில் இவ்வுடைகளின் துணையுடன் நீச்சல் உலகச் சாதனைகள் மிகப் பெரும் எண்ணிக்கையில் முறியடிக்கப்பட்டன. 2008 ஆம் ஆண்டில் மட்டும் 108 உலகச் சாதனைகள் பதிவாயின. உடை நிறுவனங்களுக்கிடையே எழுந்த வணிகப் போட்டி, வழக்குகள், வீரர்களுக்கும் சங்கங்களுக்கும் இடையிலான பிணக்குகள் ஆகியவற்றுக்குப் பின்னர், 2010 சனவரி 1 முதல் துணியல்லாத நீச்சலுடைகள் முற்றாகத் தடைசெய்யப்பட்டன.

நீச்சலை உடலொன்றையே கருவியாகக் கொண்ட விளையாட்டு எனக் கருதுவது வழக்கம். மிதிவண்டிப் போட்டியிலோ படகுப் போட்டியிலோ கருவிக்கு உள்ள இடம் இதில் இல்லை என்பதே பொது எண்ணம். அந்த எண்ணத்தை இவ்விரண்டு ஆண்டுகள் கேள்விக்குள்ளாக்கின. அதனாலேயே விளையாட்டு வரலாற்றில் இந்நிகழ்வு தனியே படிக்கத்தக்கது.

நீரின் இழுவையும் உடையின் பங்கும்

நீரின் அடர்த்தி காற்றின் அடர்த்தியைப்போல் ஏறத்தாழ 800 மடங்கு ஆகும். ஆகவே நீந்துபவரின் ஆற்றலில் பெரும்பகுதி நீரை விலக்குவதிலேயே செலவாகின்றது. நீந்துபவர் மீது செயல்படும் இழுவையை மூவகையாகப் பிரிப்பர். உடலின் வடிவத்தாலும் குறுக்குப் பரப்பாலும் உண்டாவது வடிவ இழுவை. தோலும் உடையும் நீருடன் உரசுவதால் உண்டாவது உராய்வு இழுவை. நீர்ப்பரப்பில் அலைகளை எழுப்புவதால் இழக்கப்படுவது அலை இழுவை.

இழுவை விசை விரைவின் இருமடிக்கு நேர்விகிதத்தில் வளர்கின்றது. அதனை எதிர்த்து நீந்தத் தேவைப்படும் திறனோ விரைவின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் வளர்கின்றது. இதிலிருந்து எளிய கணக்கு ஒன்று கிடைக்கும். நீந்துபவரின் திறன் மாறாதிருக்க, இழுவைக் குணகம் 3 விழுக்காடு குறைந்தால் விரைவு ஏறத்தாழ 1 விழுக்காடு கூடும். 100 மீட்டரை 50 நொடியில் கடப்பவருக்கு இது அரை நொடி மிச்சம் ஆகும். அரை நொடி சிறிதெனத் தோன்றலாம். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஆண்கள் 100 மீட்டர் தன்விருப்ப நீச்சலில் தங்கம் 47.21 நொடிக்கும், வெண்கலம் 47.67 நொடிக்கும் கிடைத்தன என்பதை இத்துடன் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். தங்கத்திற்கும் வெண்கலத்திற்கும் இடையே 0.46 நொடியே இருந்தது.

உடை மூன்று வழிகளில் உதவக்கூடும். முதலாவது, வழவழப்பான மேற்பரப்பால் உராய்வைக் குறைத்தல். இரண்டாவது, வயிறு, தொடை போன்ற மென்பகுதிகளை இறுக்கி உடலின் குறுக்குப் பரப்பைச் சுருக்குதலும் தசை அதிர்வைத் தடுத்தலும். மூன்றாவதாக உள்ள மிதப்பே பின்னர் பெரும் சிக்கலாயிற்று.

மிதப்பின் பங்கைத் தமிழ்நாட்டுச் சிற்றூர் வாசகருக்கு விளக்குவது எளிது. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர்ப் பக்கம் போன்ற ஏரிப்பாசனப் பகுதிகளில் பாசனக் கிணறுகளிலேயே பிள்ளைகள் நீச்சல் பழகுவர். உலர்ந்த சுரைக்குடுக்கையை முதுகிலோ இடுப்பிலோ கட்டிவிட்டால் நீந்தத் தெரியாத பிள்ளையும் அமிழாது. குடுக்கைக்குள் அடைபட்ட காற்றே இதற்குக் காரணம். காற்றுப் புகாத பாலியூரித்தேன் உடையும் தோலுக்கும் உடைக்கும் இடையே சிறிதளவு காற்றை அடைத்து வைக்கின்றது. அப்பொருளே நீரில் மிதக்கும் இயல்பையும் தரவல்லது. விரைவாக நீந்துபவர் களைக்கும்போது முதலில் தாழ்வது இடுப்பும் கால்களுமே. அவை தாழ்ந்தால் வடிவ இழுவை கூடும். கடைசி 20 மீட்டரில் இடுப்பை மேலே தாங்கிப் பிடிக்கும் உடை, களைப்பின் விளைவை மறைத்துவிடுகின்றது. மெலிந்த, இயல்பாகவே நன்கு மிதக்கும் உடல்வாகுடையவரைக் காட்டிலும் பருத்த தசையுடையவருக்கே இவ்வுடை கூடுதல் பயன் தந்தது எனப் பயிற்சியாளர் பலர் கருதினர். எல்லாரும் ஒரே உடையை அணிந்தால் போட்டி சமமாகிவிடும் என்னும் வாதம் இதனால் வலுவிழக்கின்றது.

தொடக்க வரலாறு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீச்சலுடைகள் கம்பளியாலும் பருத்தியாலும் ஆனவை. நனைந்தவுடன் கனத்துத் தொங்கும் தன்மையன. இசுக்காட்லாந்திலிருந்து ஆஸ்திரேலியாவில் குடியேறிய அலெக்சாண்டர் மெக்ரே 1914 ஆம் ஆண்டு சிட்னியில் தொடங்கிய பின்னலாடை நிறுவனமே பின்னர் ஸ்பீடோ ஆயிற்று. ஸ்பீடோ என்னும் பெயர் 1928 முதல் வழக்கில் உள்ளது. முதுகுப்புறம் திறந்த அதன் உடை அக்காலத்தில் அடக்கக்குறைவாகக் கருதப்பட்டது. 1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலிய வீராங்கனை கிளேர் டென்னிஸ் தோள்பட்டை மிகுதியாகத் தெரிகிறது என்னும் முறையீட்டால் தகுதிநீக்கம் பெறும் நிலைக்குச் சென்று, பின்னர் தங்கம் வென்றார். அன்று உடை குறைவதே சிக்கல். எழுபது ஆண்டுகள் கழித்து உடை கூடுவது சிக்கலாயிற்று.

1950களில் நைலானும், பின்னர் எலாஸ்டேனும் வந்தன. உடைகள் சிறுத்தன. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் மார்க் ஸ்பிட்ஸ் ஏழு தங்கம் வென்றதைக் கண்ட அடிடாஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஹோர்ஸ்ட் டாஸ்லர் 1973 இல் அரீனா நிறுவனத்தைத் தொடங்கினார். ஸ்பீடோ, அரீனா ஆகிய இவ்விரு பெயர்களுக்கிடையிலான போட்டியே பின்வரும் வரலாற்றின் முதுகெலும்பு எனலாம்.

2000 சிட்னி ஒலிம்பிக்கிற்கு முன் ஸ்பீடோ வெளியிட்ட ஃபாஸ்ட்ஸ்கின் என்னும் உடை, சுறாத் தோலின் நுண்பற்களைப் போன்ற வரிகளைக் கொண்டது என விளம்பரப்படுத்தப்பட்டது. சுறா விரைவாக நீந்துகின்றது, ஆகவே சுறாத் தோல் போன்ற துணியும் விரைவைத் தரும் என்பது கேட்பவரை ஈர்க்கும் வாதம். ஆனால் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் லாடரும் அவரது உடனாய்வாளரும் செய்து 2012 இல் வெளியிட்ட ஆய்வு, அத்துணியின் வரிகள் முன்செல்லும் விரைவைக் கூட்டவில்லை எனக் காட்டியது. உண்மையான சுறாத் தோல் பயன் தந்தது. அதனைப் போலச்செய்த துணி தரவில்லை. எனினும் கழுத்து முதல் கணுக்கால் வரை மூடும் உடைகளுக்கு அப்போதே வழி திறந்துவிட்டது.

எல்.இசட்.ஆர். ரேசர்

2008 பிப்ரவரியில் ஸ்பீடோ எல்.இசட்.ஆர். ரேசர் என்னும் உடையை அறிமுகப்படுத்தியது. நைலானும் எலாஸ்டேனும் கலந்த, நீரை விலக்கும் மெல்லிய துணியின் மேல், இழுவை மிகுந்த இடங்களில் பாலியூரித்தேன் தகடுகள் பொருத்தப்பட்டன. தையலே இல்லாமல் விளிம்புகள் மீயொலியால் பற்றவைக்கப்பட்டன. ஐக்கிய அமெரிக்காவின் வர்ஜீனியாவிலுள்ள நாசாவின் லாங்லி ஆய்வு மையத்துக் காற்றுச் சுரங்கத்தில் பல்வேறு துணிகளின் உராய்வு அளக்கப்பட்டது. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகம், ஆஸ்திரேலிய விளையாட்டு நிறுவனம் ஆகியவையும் பங்கேற்றன. உடை போர்த்துகலில் தைக்கப்பட்டது. தைக்கப்பட்டது என்னும் சொல் இங்குப் பழக்கத்தால் வருவதே.

இவ்வுடையை அணிவதற்கே 20 முதல் 30 நிமிடம் ஆகும். முழு உடையின் விலை 550 அமெரிக்க டாலர். சில போட்டிகளிலேயே அதன் இறுக்கம் தளர்ந்துவிடும்.

பெய்ஜிங் ஒலிம்பிக்கில் நீச்சலில் முறியடிக்கப்பட்ட 25 உலகச் சாதனைகளுள் 23 இவ்வுடையை அணிந்தவர்களால் முறியடிக்கப்பட்டவை. மைக்கேல் ஃபெல்ப்ஸ் எட்டுத் தங்கம் வென்றார். ஸ்பிட்சின் ஏழு தங்கங்களை எட்டினால் 10 இலட்சம் டாலர் தருவதாக ஸ்பீடோ முன்னரே அறிவித்திருந்தது; அத்தொகை அவருக்கு வழங்கப்பட்டது. எட்டில் ஒன்றான 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலில் அவர் செர்பியாவின் மிலோராட் சாவிச்சை முந்தியது 0.01 நொடியால் ஆகும்.

நிறுவனங்களுக்கிடையே போட்டி

பிற நிறுவனங்களின் நிலை இதனால் இக்கட்டானது. வீரரும் தேசியச் சங்கமும் ஒரு நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டால் அதன் உடையையே அணியவேண்டும். உடைகளுக்கிடையே வேறுபாடு அற்பமாக இருந்த காலத்தில் இவ்வொப்பந்தங்கள் வீரருக்கு வருவாய் மட்டுமே. வேறுபாடு பெரிதானபோது அவையே விலங்காயின.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு சப்பான். அந்நாட்டு நீச்சல் கூட்டமைப்பு மிசுனோ, அசிக்ஸ், டிசாந்தே ஆகிய மூன்று உள்நாட்டு நிறுவனங்களுடன் ஒப்பந்தம் கொண்டிருந்தது. 2008 சூன் மாதம் நடந்த சப்பான் திறந்தநிலைப் போட்டியில் வீரர்கள் எல்.இசட்.ஆர். உடையை அணிந்து பார்க்க இசைவு தரப்பட்டது. கோசுகே கிட்டாஜிமா அதை அணிந்து 200 மீட்டர் மார்பு நீச்சலை 2 நிமிடம் 7.51 நொடியில் கடந்து உலகச் சாதனை படைத்தார். அவர் மிசுனோவுடன் ஒப்பந்தம் கொண்டவர் என்பது குறிப்பிடத்தக்கது. அதே போட்டிக் காலத்தில், நீந்துபவன் நானே எனப் பொருள்படும் சொற்கள் பொறித்த சட்டையை அணிந்து அவர் தோன்றினார். உடை பற்றிய பேச்சில் நீந்துபவர் மறைந்துபோகின்றார் என்பதே அவரது குறை. சில நாட்களில் கூட்டமைப்பு பெய்ஜிங்கில் எல்.இசட்.ஆர். அணிய இசைந்தது.

நைக்கி நிறுவனம் தன் ஒப்பந்த வீரர்கள் பெய்ஜிங்கில் பிற நிறுவன உடையை அணியத் தடைசெய்யவில்லை. அமெரிக்காவின் டி.ஒய்.ஆர். நிறுவனம் நீதிமன்றம் சென்றது. 2008 மே மாதம் கலிபோர்னியாவில் தொடுத்த வழக்கில், அமெரிக்காவில் ஸ்பீடோ உடைகளை விற்ற வார்னக்கோ நிறுவனத்தையும், அமெரிக்க நீச்சல் சங்கத்தையும், தேசிய அணித் தலைமைப் பயிற்சியாளரையும் எதிர்த்தரப்பாக்கி, போட்டி வணிகத்தைத் தடுக்கும் கூட்டுச்செயல் நடந்ததாக அது குற்றஞ்சாட்டியது. இத்தாலியப் பயிற்சியாளர் ஆல்பெர்ட்டோ காஸ்தாஞெத்தி இவ்வுடையைத் தொழினுட்ப ஊக்கமருந்து என அழைத்தார்.

வேடிக்கை என்னவெனில், ஓராண்டுக்குள் நிலைமை தலைகீழாயிற்று. எல்.இசட்.ஆர். உடையில் பாலியூரித்தேன் பாதிப் பரப்பையே மூடியது. ஜேக்கெட் என்னும் இத்தாலிய நிறுவனமும் அரீனாவும் முழுவதும் பாலியூரித்தேனால் ஆன உடைகளைக் கொண்டுவந்தன. 2008 திசம்பரில் குரோவாசியாவில் நடந்த ஐரோப்பியக் குறுநீளக் குளப் போட்டியில் சிலர் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு உடைகளை அணிந்து நீந்தினர். ஸ்பீடோவின் உடை பழையதாகிவிட்டது.

ரோம் 2009

ஃபினா எனப்பட்ட பன்னாட்டு நீச்சல் கூட்டமைப்பு தொடக்கத்தில் எல்.இசட்.ஆர். உடையை ஏற்றுக்கொண்டது. 2009 மார்ச்சில் துபாயில் கூடி, உடையின் தடிமன் 1 மில்லிமீட்டருக்கும் மிதப்பு 1 நியூட்டனுக்கும் மிகக்கூடாது என விதித்தது. 1 நியூட்டன் என்பது ஏறத்தாழ 100 கிராம் எடைக்குச் சமம். நிறுவனங்கள் அனுப்பிய 348 உடைகளுள் மே மாதம் 202 மட்டுமே ஏற்கப்பட்டன. 136 உடைகள் திருத்தம் கோரித் திருப்பப்பட்டன, 10 மறுக்கப்பட்டன. ஆனால் சூன் மாதத்தில், திருப்பப்பட்ட உடைகளுள் பலவும் இசைவு பெற்றுவிட்டன. இடைப்பட்ட காலத்தில் பிரான்சின் அலைன் பெர்னார் ஏப்ரலில் 100 மீட்டரை 46.94 நொடியில் நீந்தியது, அப்போது அவரது உடைக்கு இசைவு இல்லாமையால் உலகச் சாதனையாக ஏற்கப்படவில்லை. விதி வகுத்தவரே அதனைச் சில வாரங்களில் தளர்த்தியது கூட்டமைப்பின் பெயருக்கு நன்மை செய்யவில்லை.

சூலை மாதம் ரோமில் உலகப் போட்டிகள் நடந்தன. 43 உலகச் சாதனைகள் முறியடிக்கப்பட்டன. செருமனியின் பால் பீடர்மான் முதலில் 400 மீட்டர் தன்விருப்ப நீச்சலில் இயான் தோர்ப்பின் 3 நிமிடம் 40.08 நொடிச் சாதனையை 0.01 நொடியால் முறியடித்தார். சூலை 28 அன்று 200 மீட்டரை 1 நிமிடம் 42.00 நொடியில் கடந்து ஃபெல்ப்சை ஒரு நொடிக்கும் மேலான இடைவெளியில் தோற்கடித்தார். பீடர்மான் அணிந்தது அரீனா எக்ஸ்-கிளைடு. ஃபெல்ப்ஸ் அணிந்தது எல்.இசட்.ஆர். உடையால் தமக்கு ஏறத்தாழ இரண்டு நொடி கிடைத்தது என்பதைப் பீடர்மான் மறைக்கவில்லை. ஓராண்டுக்கு முன் அதே உடை முன்னணியில் இருந்தபோது எழாத எதிர்ப்பு, இப்போது ஃபெல்ப்சின் பயிற்சியாளர் பாப் பௌமனிடமிருந்து எழுந்தது. உடைகள் தடைசெய்யப்படும்வரை ஃபெல்ப்ஸ் பன்னாட்டுப் போட்டிகளில் நீந்தமாட்டார் என்னும் அளவுக்கு அவர் பேசினார். சில நாட்களில் ஃபெல்ப்ஸ் அதே எல்.இசட்.ஆர். உடையில் சாவிச்சை 49.82 நொடியில் வென்றதும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியே. உடை எல்லாவற்றையும் முடிவுசெய்யவில்லை.

தடையும் புதிய விதிகளும்

அதே ரோமில், போட்டிகளுக்கு முன்கூடிய கூட்டமைப்பின் பேரவையில் தடைத் தீர்மானம் 168 வாக்குகள் ஆதரவாகவும் 6 வாக்குகள் எதிராகவும் பெற்று நிறைவேறியது. 2010 சனவரி 1 முதல் ஆண்கள் உடை இடுப்பிலிருந்து முழங்கால் வரையும், பெண்கள் உடை தோளிலிருந்து முழங்கால் வரையும் மட்டுமே இருக்கலாம். இழுவிணை கூடாது. ஒரு நேரத்தில் ஓர் உடையே அணியலாம். தடிமன் 0.8 மில்லிமீட்டருக்கும் மிதப்பு 0.5 நியூட்டனுக்கும் மிகக்கூடாது.

இவற்றுள் முதன்மையானது உடை துணியாக இருக்கவேண்டும் என்பதே. துணி என்பது எது? காஞ்சிபுரத்து நெசவாளர் பாவும் ஊடும் எனப் பதில் கூறுவார். விதியும் ஏறக்குறைய அதையே கூறுகின்றது: நெய்தல், பின்னல் போன்ற முறைகளால் இழைகள் இணைந்து, இடையே திறந்த கண்கள் உள்ளதே துணி. ஆனால் நெய்த துணியின் மேல் பசை பூசிக் கண்களை அடைத்துவிடலாம் அல்லவா? அதனால் காற்று ஊடுருவும் அளவும் விதியில் சேர்க்கப்பட்டது. ஒரு சதுர மீட்டர் வழியே நொடிக்கு 80 லிட்டருக்கு மேல் காற்று செல்லவேண்டும். சுரைக்குடுக்கையில் துளையிட்டால் என்ன ஆகுமோ அதுவே இங்கும் நிகழ்கின்றது.

ஏற்கனவே பதிவான சாதனைகள் நீக்கப்படவில்லை. அவற்றின் அருகே எவ்விதக் குறியீடும் இடப்படவில்லை. இதன் சுமையை அடுத்த தலைமுறை சுமந்தது. 2010 ஆம் ஆண்டில் 50 மீட்டர் குளத்தில் ஓர் உலகச் சாதனையும் முறியடிக்கப்படவில்லை. 2011 சூலையில் ரையன் லாக்டி 200 மீட்டர் தனிநபர் கலப்பு நீச்சலில் முதன்முதலாக அதனைச் செய்தார். செசார் சியெலோவின் 100 மீட்டர் சாதனையான 46.91 நொடி 2022 வரை நின்றது. பீடர்மானின் 400 மீட்டர் சாதனை 2025 ஏப்ரலில்தான் லூக்காஸ் மேர்ட்டன்சிடம் வீழ்ந்தது. பீடர்மானின் 200 மீட்டர் சாதனையோ 2025 உலகப் போட்டிகளையும் கடந்து நின்றது.

இந்தியாவும் தமிழ்நாடும்

பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இந்தியாவிலிருந்து வீர்தவல் காடே, சந்தீப் செஜ்வால், ரெகான் பொஞ்சா, அங்கூர் பொசேரியா ஆகிய நால்வர் நீந்தினர். மகாராட்டிரத்தைச் சேர்ந்த காடேயின் வாழ்க்கை இக்கட்டுரையின் இரு காலங்களையும் தொடுகின்றது. துணியுடை விதி நடைமுறைக்கு வந்த 2010 ஆம் ஆண்டில் குவாங்சௌ ஆசியப் போட்டியில் 50 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலில் அவர் வெண்கலம் வென்றார். 1986 இல் கசான் சிங் வெள்ளி வென்றதன் பின் ஆசியப் போட்டி நீச்சலில் இந்தியா பெற்ற முதல் பதக்கம் இதுவே. தன்விருப்ப நீச்சல் 50 மீட்டரில் 2009 இல் தாம் ஏற்படுத்திய தேசியச் சாதனையைக் கடக்க அவருக்கு ஒன்பது ஆண்டுகள் ஆயின. 2018 சகார்த்தா ஆசியப் போட்டியின் தகுதிச் சுற்றில் 22.43 நொடியில் அதனைக் கடந்தார். இறுதிச் சுற்றில் 22.47 நொடியில் நீந்தி 0.01 நொடியால் வெண்கலத்தை இழந்தார்.

விலையைத் தமிழ்நாட்டு அளவுகோலால் அளந்து பார்ப்பது பயனுடையது. 550 டாலர் என்பது 2008 இன் நாணய மாற்று விகிதத்தில் ஏறத்தாழ 22 முதல் 24 ஆயிரம் உரூபாய். காஞ்சிபுரம் மாவட்டத்திற்குத் தேசிய ஊரக வேலை உறுதித் திட்டம் 2008 ஏப்ரலில் விரிவாக்கப்பட்டபோது தமிழ்நாட்டில் அதன் நாட்கூலி 80 உரூபாய். ஆண்டுக்கு 100 நாள் முழுமையாக வேலை கிடைத்தாலும், ஓர் உடையின் விலை மூன்றாண்டுக் கூலிக்குச் சற்றே குறைவு. அவ்வுடையும் ஓரிரு போட்டித் தொடருக்கே தாங்கும். சென்னை வேளச்சேரியில் 1995 தெற்காசியப் போட்டிகளுக்காகக் கட்டப்பட்ட நீச்சல் வளாகம் உத்திரமேரூரிலிருந்து பேருந்தில் எட்டக்கூடியதே. சென்னையிலிருந்து உத்திரமேரூர் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். ஆனால் கிணற்றிலும், கல்வெட்டுகள் வைரமேகத் தடாகம் எனக் குறிக்கும் ஊரின் பேரேரியிலும் நீந்திப் பழகிய ஒரு பிள்ளை அங்குவரை சென்று சேர்ந்தாலும், 2009 இல் அடுத்த தடத்தில் பாலியூரித்தேன் உடையுடன் நிற்பவரை எதிர்கொள்ள நேர்ந்திருக்கும். தடைக்குப் பின்னரும் முதல்தரப் போட்டியுடைகள் விலை குறைந்தவை அல்ல. எனினும் அவற்றால் கிடைக்கும் ஆதாயம் சுருங்கிவிட்டது. குழந்தைகள் நீச்சலில் செலவு ஏறுவதைக் கண்ட அமெரிக்க நீச்சல் சங்கம், 12 வயதும் அதற்குக் கீழும் உள்ளோர் உயர்நுட்ப உடை அணிவதை 2020 செப்டம்பர் முதல் தடைசெய்தது.

கடல் நீச்சலில்

கால்வாய்களையும் நீரிணைகளையும் நீந்திக் கடப்போரிடையே இச்சிக்கல் பெரிதாக எழவில்லை. ஆங்கிலக் கால்வாய் நீச்சலுக்கு மரபாக உள்ள விதி, கையும் காலும் மூடாத, மிதப்போ வெப்பமோ தராத எளிய உடையை மட்டுமே ஏற்கின்றது. உடலில் கொழுப்பு பூசிக்கொள்ளலாம். ஈரோட்டில் பிறந்த குற்றாலீசுவரன் 1994 ஆம் ஆண்டு பாக்கு நீரிணையையும் ஆங்கிலக் கால்வாயையும் உள்ளிட்ட ஆறு நீர்ப்பரப்புகளை ஒரே ஆண்டில் கடந்து, 1966 இல் மிகிர் சென் ஐந்தைக் கடந்து ஏற்படுத்திய சாதனையை முறியடித்தார்.